மலையில் படிப்பு, மருதமலையில் பட்டம்: நீலகிரி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் கலை, அறிவியல் படித்தவர்களின் பட்டச் சான்றிதழில் பெரும்பாலும் பாரதியார் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். வகுப்பு ஊட்டியிலோ குன்னூரிலோ கூடலூரிலோ நடக்கும். பட்டம் கோவை மருதமலை அடிவாரத்திலிருந்து வரும். இதில் கல்லூரியின் வேலை எது, பல்கலைக்கழகத்தின் வேலை எது என்று தெரியாமல்தான் நம் பிள்ளைகள் அலைகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் நேரே கோவைக்குப் பஸ் ஏறுவது முதல் தவறு. கூடலூரிலிருந்து ஊட்டி, மேட்டுப்பாளையம், காந்திபுரம், அப்புறம் மருதமலை பஸ். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அப்பா துணைக்கு வந்தால் அவருடைய ஒரு நாள் கூலியும் போச்சு. கவுன்டரில், "காலேஜ் மூலமா அனுப்புங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். டி.சி., நடத்தைச் சான்று, வருகைப்பதிவு, உதவித்தொகை எல்லாம் கல்லூரி அலுவலகத்தின் பொறுப்பு. சாதாரண இணைப்புக் கல்லூரி என்றால் பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண் பட்டியல் மூன்றும் பல்கலைக்கழகத்துடையவை. தன்னாட்சிக் கல்லூரி என்றால் கேள்வித்தாளும் மதிப்பெண் பட்டியலும் கல்லூரியே தருவது. மறுமதிப்பீட்டுக்கும் அங்கேயேதான் விண்ணப்பிக்க வேண்டும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தரும். உங்கள் கல்லூரி இதில் எந்த வகை என்பதை முதல் வருடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சான்றிதழ் விஷயத்தில் நடக்கும் குழப்பம் இன்னும் பெரிது. ஊட்டி அரசு கலைக் கல்லூரி, ஆங்கிலேய கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் வளாகத்தில் 1955இல் தொடங்கியது. பாரதியார் பல்கலைக்கழகமோ 1982இல் பிறந்தது. கோவையில் இருந்த சென்னைப் பல்கலைக்கழக முதுநிலை மையம்தான் அதற்கு அடித்தளம். கோவை, நீலகிரி, அன்றைய பெரியார் மாவட்டம் (இன்றைய ஈரோடு) ஆகியவற்றின் கல்லூரிகள் சென்னையிலிருந்து இதற்கு மாறின. ஆக, 1970களில் ஊட்டியில் பி.ஏ. முடித்த தாத்தாவின் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். அது தொலைந்துபோய் நகல் வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பாக்கம். மருதமலையில் விண்ணப்பித்துக் காத்திருப்பது வீண். மாற்றம் நடந்த காலத்தில் படித்தவர்கள் ஆண்டை வைத்து ஊகிக்காமல், பழைய மதிப்பெண் பட்டியலில் மேலே அச்சான பெயரைப் பார்ப்பதே நல்லது.

"கோயமுத்தூர் யூனிவர்சிட்டி" என்று பொதுவாகச் சொல்வதும் ஆபத்து. தோட்டக்கலை, வேளாண்மை என்றால் 1971இல் தொடங்கிய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி சென்னையில் உள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகம். இடையில் சில ஆண்டுகள் கோவைக்கென்று தனி அண்ணா பல்கலைக்கழகம் இருந்து, 2012இல் மீண்டும் தாய்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அந்தக் காலத்துச் சான்றிதழில் பெயர் வேறாக இருக்கும், பயப்பட வேண்டாம். வேலைக்கான படிவத்தில் மட்டும் சான்றிதழில் உள்ள பெயரையே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள்.

குறையென்றால் உடனே துணைவேந்தருக்கு மனு எழுதுகிறார்கள். ஆட்சிப்பேரவை, ஆட்சிக்குழு, கல்வி நிலைக்குழு ஆகியவை கொள்கையையும் நிதியையும் பாடத்தையும் பார்க்கும் அமைப்புகள். ஒரு மாணவியின் முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் அதற்கு வழி தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். நிர்வாக விஷயமென்றால் பதிவாளர். பதிவெண், பருவம், பாடக் குறியீடு மூன்றும் இல்லாத மனு நகராது.

கடைசியாக, தொலைதூரக் கல்வி. இதில் பணத்தோடு வருடங்களும் போய்விடுகின்றன, முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு அதிகமாக. பல்கலைக்கழகம் அரசுடையது என்பதற்காக அதன் எல்லாத் தொலைதூரப் படிப்பும் செல்லும் என்று நினைக்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு எந்தப் படிப்புக்கு, எந்தக் கல்வியாண்டுக்கு அனுமதி என்று தனித்தனியாகத்தான் தருகிறது. நீங்கள் சேரும் ஆண்டில், நீங்கள் சேரும் படிப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று யு.ஜி.சி. தளத்தில் பாருங்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் மட்டும் கட்டுங்கள். தொலைதூரக் கல்வி மையம் நடத்தும் சென்டர்காரர் கையால் எழுதித் தரும் ரசீதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.