சிஆர்பி: ஒட்டியிருப்பது வேறு, உருவாவது வேறு

காய்ச்சல் இழுத்துக்கொண்டே போனால் டாக்டர் எழுதிக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் சிஆர்பியும் இருக்கும். முழுப் பெயர் சி-ரியாக்டிவ் புரதம். 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டறிந்தார்கள். உடலில் எங்கேயாவது அழற்சி ஏற்பட்டால் சில மணி நேரத்திலேயே இதன் அளவு ஏறத் தொடங்கும். கடுமையான தொற்றில் ஆயிரம் மடங்குகூட ஏறும்.

எங்கே தயாராகிறது என்று கேட்டால் எந்த மருத்துவ மாணவரும் கல்லீரல் என்பார். சரிதான். இன்டர்லூகின்-6 என்ற சமிக்ஞை வந்து சேர்ந்ததும் கல்லீரல் செல்கள் சிஆர்பியைத் தயாரித்து ரத்தத்தில் விடுகின்றன. ஆனால் கல்லீரல் மட்டும்தான் என்று முடித்துவிடுவது முதல் தவறு. குட்டா, பாம் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் வெளியிட்ட கட்டுரை, ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் உள்ள லிம்போசைட்டுகளில் (வெள்ளையணுக்களில் ஒரு வகை) ஒரு சிறு பகுதி சிஆர்பியைத் தானே தயாரிக்கிறது என்று காட்டியது. அப்படித் தயாரானது ரத்தத்தில் கலக்காமல் செல்லின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. இந்த வேலையில் அதிகம் பேசப்பட்டவை, தொற்றிய செல்களையும் புற்றுச் செல்களையும் கொல்லும் என்கே செல்கள்.

இதைப் படித்தவுடன் சிலர் மறுபக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். லேப் ரிப்போர்ட்டில் சிஆர்பி 80 என்று இருந்தால், நோய் எதிர்ப்புச் செல்கள் மும்முரமாகச் சுரக்கின்றன என்று எழுதுகிறார்கள். அந்த 80-க்குக் காரணம் ஏறக்குறைய முழுக்கக் கல்லீரல்தான். லிம்போசைட்டின் மேல் இருக்கும் கொஞ்சம் புரதம், ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தில் செய்யும் பரிசோதனையில் எட்டியே பார்க்காது. சீரத்தைப் பிரிக்கும்போதே செல்கள் கழிந்துவிடுகின்றனவே!

அதிகம் பேர் சறுக்கும் இடம் இனிமேல்தான். ஒரு வெள்ளையணுவின் மேல் சிஆர்பி தென்பட்டால், அதை அந்தச் செல்லே உருவாக்கியது என்று எடுத்துக்கொள்வது. வாசலில் கிடக்கும் செருப்பெல்லாம் வீட்டுக்காரருடையதா என்ன? ரத்தத்தில் மிதந்து வரும் சிஆர்பியைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் வெள்ளையணுக்களில் உண்டு. கிருமிகளை அடையாளம் கண்டு ஒட்டும் புரதங்களான ஆன்டிபாடிகளின் வால்பகுதியைப் பிடிக்கும் எஃப்சி ஏற்பிகள்தான் அவை. போதாததற்கு, கால்சியம் இருந்தால் சிஆர்பி பாஸ்போகோலின் என்ற மூலக்கூறோடு ஒட்டிக்கொள்ளும். சிதைந்த செல்களின் சவ்வில் அந்த மூலக்கூறு வெளியே தெரியும். ஆக, மாதிரியில் செத்த செல்கள் கலந்திருந்தாலே படம் மாறிவிடும்.

இன்னொரு வலையும் இருக்கிறது. செல்லின் மேல் சிஆர்பி இருக்கிறதா என்று பார்க்க, அதில் ஒட்டி ஒளிரும் ஆன்டிபாடியை ஆய்வகத்தில் செலுத்துவார்கள்; அதற்கும் வால் உண்டு. அது சிஆர்பியைத் தொடாமலே எஃப்சி ஏற்பியில் மாட்டிக்கொண்டால், இல்லாத சிஆர்பி இருப்பதுபோல் ஒளிரும். சிஆர்பி எந்த எஃப்சி ஏற்பியில் ஒட்டுகிறது என்பது குறித்து 2000-த்தை ஒட்டி நடந்த சண்டையின் மையமே இதுதான். வால் நீக்கிய ஆன்டிபாடித் துண்டுகளைப் பயன்படுத்துவது, கால்சியத்தை அகற்றிக் கழுவிப் பார்ப்பது என்று தப்பிக்க வழிகள் இருக்கின்றன. செல்லே தயாரித்ததா என்று உறுதி செய்ய, கதிரியக்கக் கந்தகம் ஏற்றிய மெத்தியோனினை (புரதம் கட்ட உதவும் ஒரு அமினோ அமிலம்) அதற்கு ஊட்டி, புதிதாக உருவான புரதத்தில் அது சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வந்து ஒட்டிய சிஆர்பியில் அந்தக் கதிரியக்கம் இருக்காது. புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் எம்ஆர்என்ஏ கிடைத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டுவதும் கூடாது. செய்தி எழுதப்பட்டாலும் புரதம் உருவாகாமல் போகலாம்.

கடையில் வாங்கிய சிஆர்பியைச் செல்களின் மேல் ஊற்றி, சிஆர்பியே அழற்சியைத் தூண்டுகிறது என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். அந்தப் புரதம் பாக்டீரியாவில் வளர்க்கப்பட்டது. அதில் கலந்திருந்த பாக்டீரிய நச்சும், கெடாமல் இருக்கச் சேர்த்த சோடியம் அசைடும்தான் பல விளைவுகளுக்குக் காரணம் என்று பிறகு தெரியவந்தது. சுண்டெலியில் பார்த்ததை மனிதருக்குப் பொருத்துவதிலும் கவனம் தேவை. சுண்டெலியில் அழற்சியின்போது சிஆர்பி பெரிதாக ஏறுவதில்லை. அந்த இடத்தில் எஸ்ஏபி என்ற உறவுக்காரப் புரதம் ஏறுகிறது.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும் சில விஷயங்கள். முதலில் அலகைப் பாருங்கள். ஒரு லேப் லிட்டருக்கு மில்லிகிராம் என்று தரும், இன்னொன்று டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று தரும். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். அப்புறம், சிஆர்பி ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 19 மணி நேரம் ஆகும். அதனால் ஒற்றை எண்ணைவிட, அடுத்தடுத்த நாட்களில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே அதிகம் சொல்லும். அளவு குறைவாக இருப்பதால் நோயே இல்லை என்றும் நினைக்கக் கூடாது. உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய் தீவிரமாக இருக்கும்போதும் பலருக்கு இது பெரிதாக ஏறாது. டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்தைப் போட்டுக்கொள்பவர்களுக்கு இன்டர்லூகின்-6-இன் வழியே அடைபட்டிருக்கும். கல்லீரலுக்குச் சமிக்ஞை போகாததால், உள்ளே தொற்று இருந்தாலும் சிஆர்பி தாழ்ந்தே கிடக்கலாம். அந்த மருந்தை எடுப்பவர்கள் காய்ச்சலுக்குப் புது டாக்டரிடம் போனால் முதலில் அதைச் சொல்லிவிடுவது நல்லது.