கடல் நீச்சலில் வலப்பக்கம் விலகியதைச் சரிசெய்த விதம்

வேலூரில் நீச்சல் குளத்திலும், காட்பாடிப் பக்கம் மாமாவின் கிணற்றிலும் பழகிவிட்டுச் சென்னைக் கடலில் நடக்கும் போட்டிகளுக்குப் போகிறேன். குளத்தில் நேராகவே நீந்துவேன். கடலிலோ மிதவையை விட்டு வலப்பக்கம் விலகிக்கொண்டே இருந்தேன். பாதுகாப்புப் படகு வந்து திருப்பிவிடும்.

நீரோட்டம்தான் காரணம் என்றார்கள். பனி படியாத புதிய நீச்சல் கண்ணாடியும் வாங்கிப் பார்த்தேன், பயனில்லை.

துப்பு கிடைத்தது திரும்பும் பாதையில். நீரோட்டம் இழுத்தால் போகும்போது வலப்பக்கமும் திரும்பும்போது இடப்பக்கமும் விலக வேண்டும். நான் இரண்டு வழியிலும் வலப்பக்கமே விலகினேன். ஆகவே காரணம் உடம்பில்தான்.

குளத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து, அண்ணனைக் கரையில் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி நீந்தினேன். சில கைவீச்சுகளிலேயே, நீந்தும் பாதைகளைப் பிரிக்கும் வலப்பக்கக் கயிற்றில் முட்டினேன். வலப்பக்கம் மூச்சு எடுக்கும்போதெல்லாம், முன்னே நீண்ட இடது கை தலையின் நேர்க்கோட்டைத் தாண்டி வலப்புறம் போவதை அண்ணன் கண்டுபிடித்தார். குளத்தின் அடியிலுள்ள கருப்புக் கோடு நம்மை அறியாமலே திருத்திவிடுவதால் அங்கே இது வெளிப்படாது.

இடது கையைத் தோளுக்கு நேராக இறக்கவும், மூன்று வீச்சுக்கு ஒருமுறை இருபக்கமும் மாறி மாறி மூச்சு எடுக்கவும் பழகினேன். கயிற்றில் முட்டுவது நின்றது. கடலில் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டேன்: ஆறேழு வீச்சுக்கு ஒருமுறை, முதலையைப் போலக் கண்களை மட்டும் நீருக்கு மேலே கொண்டுவருவது. தலை முழுவதும் எழும்பினால் கால்கள் தாழ்ந்துவிடும். அலையில் மறையும் மிதவையைத் தேடாமல், அதற்குப் பின்னால் கரையில் தெரியும் உயரமான கட்டடத்தைக் குறியாக வைக்கிறேன். கடந்த போட்டியில் படகு என் பக்கமே வரவில்லை. பெரிய நிம்மதி.