கனடாவில் அம்மாவுக்குக் கஞ்சா எண்ணெய் காய்ச்சப் போகிற பிள்ளைகளுக்கு

மூட்டுவாதம், கீமோவுக்குப் பிறகு வருகிற ஓங்காளம், சலரோகத்தால் காலில் எரிவு என்று வருஷக்கணக்காக அவதிப்படுகிற அம்மாவோ அப்பாவோ யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்குப் பிள்ளைகளிடம் போகிறார்கள். அங்கே யாராவது "கஞ்சா போட்ட பிஸ்கட் சாப்பிட்டால் நோ குறையும், நித்திரையும் வரும்" என்று சொல்லிவிடுவார்கள். பிறகு இங்கே வட்ஸ்அப்பில் கேள்வி வரும், கொடுக்கலாமா, எப்படிச் செய்வது என்று. எங்கள் வீட்டுக்கும் வந்தது, ஸ்காபரோவில் இருக்கிற தம்பியிடமிருந்து, அம்மாவின் கை விரல் மூட்டுகளுக்காக. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் வயது வந்தவர்கள் கஞ்சா வாங்கலாம், வீட்டில் சமைத்தும் சாப்பிடலாம். இலங்கையில் அப்படி இல்லை. 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, பதிவுபெற்ற ஆயுர்வேத, சித்த வைத்தியர்கள் சட்டப்படி மருந்தில் சேர்ப்பதற்கு மட்டும்தான் வழி உண்டு. வருத்தத்துக்குத்தான் வைத்திருந்தேன் என்பது இங்கே பொலிஸிடம் எடுபடாது. ஆகவே கீழே உள்ள செய்முறை கனடாவில் கடையில் சட்டப்படி வாங்கிய பொருளுக்கு மட்டும்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீமோ ஓங்காளத்துக்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு, கனடாவில் நபிலோன் என்ற குளிசையை வைத்தியர்களே அதற்கு எழுதுகிறார்கள். நாட்பட்ட நோவு விஷயத்தில் நிபுணர்கள் ஒத்துப்போகவில்லை: 2017இல் அமெரிக்க தேசிய அக்கடமிகளின் அறிக்கை பலன் இருக்கிறது என்றது, 2021இல் நோ ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்றது. என் கணிப்பு, சிலருக்கு நோ கொஞ்சம் தணியும், நித்திரை வரும், அவ்வளவுதான். மூட்டுவாதத்தில் மூட்டு அரிபடுவதை இது நிறுத்தும் என்று யாரும் காட்டவில்லை. மூட்டுவாதத்துக்குக் கிளினிக்கில் தருகிற மெதோட்ரெக்சேட் எடுக்கிற ஆள், நோ குறைந்துவிட்டது என்று அதை நிறுத்தினால் மூட்டு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். கிளினிக் மருந்தில் கை வைக்கவே கூடாது.

இப்போது முக்கியமான இடம். பலகாரமாகச் செய்யாதீர்கள். பிஸ்கட், லட்டு, தொதல் எதுவும் வேண்டாம். மாவில் எண்ணெய் ஒரே சீராகக் கலக்காது, ஒரு துண்டில் ஒன்றுமே இருக்காது, அடுத்த துண்டில் மூன்று மடங்கு இருக்கும். அதோடு தட்டில் இருக்கிற லட்டைப் பேரப்பிள்ளை எடுத்து வாயில் போடும். கனடாவில் உணவுக் கஞ்சா விற்பனைக்கு வந்த பிறகு சின்னப் பிள்ளைகள் தெரியாமல் தின்று வைத்தியசாலைக்குப் போவது கூடியிருக்கிறது. மருந்து மருந்து மாதிரியே இருக்கட்டும். எண்ணெயாகக் காய்ச்சி, போத்தலில் விட்டு, ஊசி இல்லாத 1 மில்லிலீற்றர் சிரிஞ்சில் அளந்து, ஒரு துண்டு பாணில் விட்டுக் கொடுங்கள்.

கணக்கு இல்லாமல் அடுப்பை மூட்டக் கூடாது. கடையில் வாங்குகிற கஞ்சாப் பூப் பைக்கற்றில் மொத்த டி.எச்.சி. (கஞ்சாவில் வெறி தருகிற சரக்கு) என்று ஒரு வரி இருக்கும், சில பைக்கற்றுகளில் வெறும் டி.எச்.சி. என்று சின்ன எண்ணோடு இன்னொரு வரியும் இருக்கலாம். சூடாக்காத பூவில் பெரும்பகுதி வெறி தராத அமில வடிவில் இருக்கிறது, சூடு பட்டால்தான் டி.எச்.சி.யாக மாறும். நீங்கள் சூடாக்கப் போகிறீர்கள், ஆகவே மொத்த டி.எச்.சி. என்ற பெரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். கிராமுக்கு 150 மில்லிகிராம் என்று போட்டிருக்கிற 3.5 கிராம் பைக்கற்றில் 525 மில்லிகிராம் இருக்கிறது. அதை 250 மில்லிலீற்றர் எண்ணெயில் காய்ச்சினால் ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 2 மில்லிகிராம். காய்ச்சும்போது கொஞ்சம் இழப்பு வரும்தான், ஆனால் இழப்பே இல்லை என்று வைத்துக் கணக்குப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், 10 மில்லிகிராமைத் தாண்டும். கனடாவில் கடையில் விற்கிற உணவுக் கஞ்சா ஒரு முழுப் பைக்கற்றுக்கே சட்டம் வைத்திருக்கிற உச்ச வரம்பு 10 மில்லிகிராம். வயதான அம்மாவுக்குக் கரண்டியால் கொடுக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. பூவைக் கையால் உதிர்த்து, ஓவன் தட்டில் பேக்கிங் தாள் விரித்துப் பரப்பி, 115 பாகை செல்சியஸில் 40 நிமிஷம் வையுங்கள். பச்சை நிறம் மங்கி இளம் மண்ணிறமாகும், வீடெல்லாம் மணக்கும், யன்னலைத் திறந்துவிடுங்கள். கருக விட்டால் சரக்கு வீணாகிப் போகும். பிறகு ஒரு கண்ணாடிப் போத்தலில் தேங்காயெண்ணெயையும் உதிர்த்த பூவையும் போட்டு, அடியில் துணி விரித்த பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, அதற்குள் போத்தலை இறக்கி, தண்ணீர் கொதிக்காமல் சுடச்சுட நிற்கிற அளவு சின்ன நெருப்பில் இரண்டு மணித்தியாலம் வையுங்கள். போத்தல் மூடியை இறுக்காதீர்கள், உள்ளே தண்ணீர் தெறிக்கவும் விடாதீர்கள். இந்தச் சரக்கு தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும், அதனால் தேத்தண்ணியில் போட்டு அவிப்பதில் பலன் இல்லை. நெய்யும் சரி. ஆறியதும் மெல்லிய துணியில் வடியுங்கள், பிழிய வேண்டாம். வடித்த பிறகு எண்ணெய் குறைந்திருக்கும், ஆனால் மில்லிலீற்றருக்கு இருக்கிற அளவு மாறாது. போத்தலில் திகதி, மில்லிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம், "கஞ்சா, மருந்து" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டிப் பூட்டுப்போட்ட பெட்டியில் வையுங்கள். தேங்காயெண்ணெய் குளிருக்கு உறைந்துவிடும், ஆகவே ஒவ்வொரு முறையும் போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து உருக்கி, குலுக்கிய பிறகே சிரிஞ்சில் இழுக்க வேண்டும். உறைந்ததைச் சுரண்டி எடுத்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் போச்சு.

கொடுக்கும் அளவு. கனடா சுகாதாரத் துறை புதிதாக எடுப்பவர்களுக்கு 2.5 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ என்று சொல்கிறது. எழுபதைத் தாண்டிய உடம்புக்கு 1 மில்லிகிராமில் தொடங்கச் சொல்வேன், மேலே போட்ட கணக்கின்படி அரை மில்லிலீற்றர். இராத்திரிச் சாப்பாட்டோடு, கட்டிலுக்குப் போகிற நேரத்தில், வீட்டில் இன்னொரு பெரிய ஆள் இருக்கும்போது. அதற்குப் பிறகு பொறுமை வேண்டும். புகைப்பது மாதிரி உடனே தெரியாது, அரை மணியிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் தொடங்கி, முழுவதும் ஏற நான்கு மணித்தியாலம்கூட ஆகும். வயிற்றால் போவது ஈரலில் இன்னும் வீரியமான ஒன்றாக மாறுகிறது, அதனால்தான் மெதுவாக வந்தாலும் பலமாக வந்து பன்னிரண்டு மணித்தியாலம் வரை நிற்கும். "ஒன்றும் செய்யவில்லையே, இன்னும் கொஞ்சம் தா" என்று அம்மா கேட்பா. கொடுக்காதீர்கள். ஒரு இரவுக்கு ஒரு தடவைதான். இரண்டு மூன்று நாள் பார்த்து, பலனும் இல்லை கரைச்சலும் இல்லை என்றால் அரை மில்லிகிராம் கூட்டலாம். ஒரு கொப்பியில் திகதி, அளவு, நேரம், நோ எப்படி, நித்திரை எப்படி, விடியத் தலை சுற்றியதா என்று எழுதி வையுங்கள். இரவில் பாத்ரூம் போக எழும்பும்போது கை பிடித்துக் கூட்டிப் போங்கள், பிரஷர் குளிசை எடுக்கிறவர்களுக்கு எழும்பியவுடன் தலை கிறுகிறுத்து விழுகிற ஆபத்து உண்டு, அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மூட்டு நோவை விடப் பெரிய துன்பம்.

யாருக்குக் கொடுக்கவே கூடாது? இரத்தம் உறையாமல் வாபரின் எடுப்பவர்களுக்கு வைத்தியரைக் கேட்காமல் ஒரு துளியும் வேண்டாம், இரத்தம் அளவுக்கு மீறி இளகும். வலிப்புக்கு குளோபசாம், நித்திரைக் குளிசை, மோர்பின், டிரமடோல் எடுப்பவர்களும் அப்படியே. குடும்பத்தில் மனநோய், அதிலும் குரல் கேட்கிற வகை இருந்தால் வேண்டாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர், கர்ப்பிணி, பால் கொடுக்கிற தாய் யாருக்கும் வேண்டாம். யாழ்ப்பாணத்து கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போயிருந்தால் அங்கே பார்மசியில் காட்டிக் கேளுங்கள், இல்லையென்றால் இங்கிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அம்மாவுக்குச் சொல்லாமல் கொடுக்க நினைக்காதீர்கள். "கஞ்சா என்றால் தொடமாட்டா, சாப்பாட்டில் கலந்து விடுவோம்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதைக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. தெரியாமல் சாப்பிட்டவருக்கு நெஞ்சு படபடத்து, சுவர் ஆடினால், பாரிசவாதம் வந்துவிட்டது, சாகப் போகிறேன் என்றே நினைப்பார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அவருடைய உடம்பு.

கூடிவிட்டால் படுக்க வைத்து, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் இருந்து கதையுங்கள், பெரும்பாலும் நித்திரையோடு போய்விடும். நெஞ்சு நோ, எழுப்பினால் எழும்பாத நித்திரை, பேச்சுத் தடுமாறல், நிற்காத வாந்தி என்றால் 911. பிள்ளை தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலை, என்ன தின்றது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இங்கே இருப்பவர்களுக்கு. வடமராட்சிக் கடற்கரைகளில் பிடிபடுகிற கேரளக் கஞ்சாவில் எவ்வளவு வீரியம், என்ன கலப்படம் என்று எந்தப் பைக்கற்றிலும் எழுதியிருக்காது, கணக்கே போட முடியாத பொருளை வருத்தக்காரருக்குக் கொடுக்க முடியாது. மதன மோதகம் என்று கடைகளில் விற்கிற கஞ்சா சேர்த்த உருண்டையும் அப்படித்தான். புற்றுநோய் நோவுக்கு மோர்பின் குளிசை வைத்தியர் எழுதித் தருகிற மருந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை எடுப்பவர்கள் நோவைப் பொறுத்துக்கொண்டு இருக்காமல் வாய் திறந்து கேளுங்கள். ஓங்காளத்துக்கும் ஒண்டன்செட்ரோன் இருக்கிறது. சித்த மருந்து வேண்டுமென்றால் கைதடி சித்த போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

அம்மா ஊர் திரும்பும்போது அந்தப் போத்தல் கனடாவிலேயே நிற்க வேண்டும். பலாலியோ கட்டுநாயக்காவோ, எந்த வழியாலும் கொண்டு வர முடியாது. கஞ்சாவை நாட்டுக்கு வெளியே கொண்டு போவது கனடாச் சட்டப்படியும் குற்றம், பார்சலில் போடுவதும் அப்படியே. சூட்கேஸ் கட்டிய பிறகு ஒருமுறை திறந்து, சிரிஞ்ச் கிடக்கிறதா, பாதி மிஞ்சிய எண்ணெய் மருந்துப் பைக்குள் போய்விட்டதா என்று பாருங்கள்.