காப்பகக் குழந்தைக்கு உறவினரையும் வளர்ப்புக் குடும்பத்தையும் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெற்றோருடன் இருக்க முடியாமல் காப்பகத்துக்கு வந்துவிட்ட குழந்தையின் கோப்பில் 'உறவினர் யாரும் இல்லை' என்று எழுதியிருந்தால், அதை அவ்வளவு எளிதில் நம்பிவிட வேண்டாம். பெரும்பாலும் யாரும் சரியாகத் தேடவில்லை என்பதுதான் அதன் பொருள். தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் பாட்டி, தாத்தா, பெரியம்மா, சித்தப்பா, அத்தை, மாமா, அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினால் விரல்கள் போதாது.

1990களின் இறுதியில் அமெரிக்காவில் கெவின் கேம்ப்பெல் என்ற சமூகப் பணியாளர், போரில் சிதறிப்போன குடும்பங்களைச் செஞ்சிலுவைச் சங்கம் தேடிச் சேர்க்கும் முறையிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டு, காப்பகக் குழந்தைகளுக்கு உறவினர் தேடும் முறை ஒன்றை வகுத்தார். ஒரு குழந்தைக்குக் குறைந்தது 40 பேரையாவது கண்டறிய வேண்டும் என்பது அதன் இலக்கு. ஒரு குழந்தைக்கு எதற்கு 40 பேர் என்று கேட்கத் தோன்றும். வீடு ஒன்று போதும்தான். ஆனால் விடுமுறைக்கு அழைத்துப்போக ஒருவர், வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேச ஒருவர், அம்மா சிறுமியாக இருந்தபோது எடுத்த படத்தைத் தர ஒருவர், பதினெட்டு வயதில் காப்பகத்தை விட்டு வெளியே வரும்போது கூட நிற்க ஒருவர் என்று ஒரு வாழ்க்கைக்குப் பலர் வேண்டும். குழந்தை தங்க இடம் தேடுவது ஒரு வேலை. குழந்தைக்கு மனிதர்களைத் தேடுவது வேறொரு வேலை. நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக்கியதால் வந்தவை.

முதல் அழைப்பிலேயே கெடுவது

குழந்தையின் தாய்மாமன் ஒருவரின் எண் கிடைக்கிறது. பல ஆண்டுகளாகத் தொடர்பில் இல்லாதவர். பணியாளர் அழைத்து, "உங்கள் அக்கா மகன் எங்கள் இல்லத்தில் இருக்கிறான். நீங்கள் அழைத்துச் சென்று வளர்க்க முடியுமா?" என்கிறார். அந்த மனிதர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். அக்காவுக்கு என்ன ஆயிற்று என்பதே அவருக்குத் தெரியாது. இந்தக் கேள்விக்கு அவரால் சொல்ல முடிந்த ஒரே நேர்மையான பதில் 'முடியாது' என்பதுதான். அதைச் சொன்ன குற்ற உணர்ச்சியில் அடுத்த அழைப்பை அவர் எடுக்கவும் மாட்டார். கோப்பில் 'மாமா மறுத்துவிட்டார்' என்று ஏறிவிடுகிறது.

அதே அழைப்பை வேறு விதமாகத் தொடங்கலாம். பேசுவது அவர்தானா என்பதை உறுதி செய்துகொண்ட பிறகு, "ஐயா, உங்கள் அக்கா மகனைப் பற்றிப் பேச வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, அவன் நலமாக இருக்கிறான். அவனைத் தெரிந்தவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். நீங்கள் கடைசியாக அவனை எப்போது பார்த்தீர்கள்?" இதற்குப் பதில் சொல்வது யாருக்கும் கடினமில்லை. பேசப் பேச, அவன் கைக்குழந்தையாக இருந்தபோது யார் தூக்கி வளர்த்தார், குடும்பத்தில் யார் யாருக்கிடையே பேச்சுவார்த்தை இல்லை, அவன் அப்பாவின் அண்ணன் எந்த ஊரில் இருக்கிறார் என்று ஒவ்வொன்றாக வரும். வளர்ப்பது பற்றிய கேள்வியை அன்று எழுப்பவே வேண்டாம். "இன்னும் யார் யாரிடம் பேசலாம்?" என்று கேட்டு வைத்தால் போதும்.

குழந்தை ஏன் இல்லத்துக்கு வந்தது என்பதை எவ்வளவு சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். அடி, வன்முறை காரணமாகப் பிரிக்கப்பட்ட குழந்தை என்றால், இருக்கும் இடம் ஓர் உறவினர் வழியாகவே அடித்தவருக்குப் போய்ச் சேரலாம். விசாரிக்கும்போது இடத்தைச் சொல்லத் தேவையே இல்லை.

இன்னொரு பழக்கம், குழந்தையின் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போட்டு 'இந்தக் குழந்தையின் உறவினர் யாராவது இருக்கிறீர்களா, பகிருங்கள்' என்று கேட்பது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் படம் குழந்தையின் வகுப்புத் தோழர்களின் கைப்பேசிக்கும் போகும், பத்து ஆண்டுகள் கழித்தும் அங்கேயே இருக்கும். உறவினரின் கணக்கைத் தேடிக் கண்டுபிடிக்க வலைத்தளத்தைப் பயன்படுத்துங்கள்; குழந்தையைக் காட்டப் பயன்படுத்தாதீர்கள்.

குழந்தையிடம் கேட்காமல் விடுவது

கோப்பு, ரேஷன் அட்டை, பள்ளிப் பதிவேடு எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, எதிரில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை மட்டும் கேட்காமல் விடுவார்கள். கேட்டாலும் "உனக்குச் சொந்தக்காரர்கள் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு இது தேர்வுக் கேள்வி. "உனக்குக் காய்ச்சல் வந்தபோது யார் பார்த்துக்கொண்டார்கள்?", "அம்மா வெளியே போனால் யார் வீட்டில் விட்டுப் போவார்?", "உன்னைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். வருகிற பெயர்களில் பாதிப் பேர் ரத்த உறவாகவே இருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா, பழைய டீச்சர், முன்பு சில மாதங்கள் வளர்த்த குடும்பம் என்று வரும். அவர்களும் பட்டியலில் சேர வேண்டியவர்களே.

பட்டியலில் எப்போதும் இளைத்துக் கிடப்பது தந்தைவழிதான். அப்பா சிறையில் இருக்கிறார், ஓடிப்போனார், பெயரே தெரியாது என்றால் அந்தப் பக்கம் முழுவதையும் அடித்துவிடுகிறார்கள். அப்பா செய்த தவறுக்கு அத்தை என்ன செய்வாள்?

தேடலைத் தள்ளிப்போடுவதும் பெரும் பிழை. முதலில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் (தத்தெடுக்காமல், பெரும்பாலும் தற்காலிகமாகக் குழந்தையை வளர்க்கும் குடும்பம்) விட்டுவிட்டு, அது ஒத்துவராமல் போன பிறகுதான் உறவினர் நினைவுக்கு வருகிறார்கள். அதற்குள் குழந்தை இரண்டு வீடு மாறியிருக்கும். அமெரிக்காவில் 2008இல் வந்த சட்டம், குழந்தை பிரிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் பாட்டி தாத்தாக்களுக்கும் மற்ற வயதுவந்த உறவினர்களுக்கும் தகவல் தர வேண்டும் என்கிறது. நியூசிலாந்து 1989இலேயே, குழந்தையைப் பற்றிய முடிவுக்கு விரிந்த குடும்பத்தை ஒன்றாக உட்கார வைத்துப் பேச வைப்பதைச் சட்டமாக்கியது. சட்டம் இல்லாத இடத்திலும் முதல் மாதத்துக்குள் அழைப்புகளைத் தொடங்க யாரும் தடை சொல்லப்போவதில்லை.

உறவினர் என்பதாலேயே ஏற்பது, உறவினர் என்பதாலேயே தள்ளுவது

முன்வந்த முதல் உறவினரிடம் விசாரிக்காமல் ஒப்படைத்துவிடுவது ஒரு தவறு. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், குழந்தைக்குத் தீங்கு செய்தவர் வந்து போகிற வீடா, வீட்டு வேலைக்கு ஆள் கிடைத்தது என்ற கணக்கில் கேட்கிறார்களா என்பதைப் பார்க்காமல் விடக் கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறுதான் அதிகம் நடக்கிறது என்பது என் எண்ணம். 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று சொல்லி, மகள் தடம் மாறியதற்குப் பாட்டியைத் தண்டிக்கிறார்கள். வீடு சிறியது, வயது அறுபதைத் தாண்டிவிட்டது, தனி அறை இல்லை என்று முன்பின் தெரியாத குடும்பத்துக்கு வைக்கும் அளவுகோலை அப்படியே பாட்டிக்கும் வைக்கிறார்கள். 102 ஆய்வுகளைத் திரட்டி 2014இல் வெளியான மதிப்பாய்வு ஒன்று, உறவினரிடம் வளரும் குழந்தைகளுக்கு நடத்தைச் சிக்கல்களும் மனநலக் குறைபாடுகளும் குறைவு, அவர்கள் வீடு மாற நேர்வதும் குறைவு என்று கண்டது. அமெரிக்க அரசு 2023இல் உறவினருக்கெனத் தனி அளவுகோல் வைத்துக்கொள்ளலாம் என்று விதியையே மாற்றியது.

அதே மதிப்பாய்வு இன்னொன்றையும் சொல்கிறது: உறவினரிடம் இருக்கும் குழந்தைகளுக்கு மனநல உதவி குறைவாகவே போய்ச் சேர்கிறது. சொந்தக்காரர்தானே, பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவதன் விளைவு இது. ஓய்வூதியத்தில் வாழும் பாட்டிக்குப் பேரனை ஒப்படைத்துவிட்டு, உதவித்தொகை விண்ணப்பம், பள்ளிச் சேர்க்கைக்கான கடிதம், மருத்துவமனையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எதையும் ஏற்பாடு செய்யாமல் விட்டால், சில மாதங்களில் அவரே குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். அப்போது குறை சொல்ல வேண்டியது பாட்டியை அல்ல.

வளர்ப்புக் குடும்பம் தேடும்போது

உறவில் யாரும் அமையாவிட்டால் வளர்ப்புக் குடும்பம். கைக்குழந்தை என்றால் இதில் தாமதமே கூடாது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000களின் தொடக்கத்தில் தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போன குழந்தைகளிடம் பாசப் பிணைப்பும் மூளைச் செயல்பாடும் தெளிவாக மேம்பட்டிருந்தன.

அவசரம் என்பதற்காக, இரக்கத்தைத் தூண்டி ஆள் சேர்க்க வேண்டாம். 'அநாதைக்கு வாழ்வு கொடுங்கள்' என்ற அழைப்புக்கு வருகிறவர்கள் நன்றியை எதிர்பார்த்து வருவார்கள். பொருட்களை உடைத்து, பொய் சொல்லி, படுக்கையை நனைக்கும் குழந்தை அவர்களுக்கு ஏமாற்றமாகத் தெரியும். தத்து கிடைக்காதவர்களுக்குக் குறுக்குவழியாக இதைக் காட்டுவதும் ஆபத்து. வளர்ப்புக் குடும்பம் பெரும்பாலும் தற்காலிகம். குழந்தை பெற்றோரிடம் திரும்பலாம் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தையிடமும் 'இனி இதுதான் உன் வீடு' என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

குழந்தையின் கடந்த காலத்தை மறைத்து ஒப்படைப்பவர்கள் இருக்கிறார்கள், சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்ற பயத்தில். மறைத்தது இரவில் அலறலாக வெளியே வரும்போது குடும்பம் தயாராக இருக்காது.

அண்ணன் தங்கையைப் பிரித்து இரண்டு வீட்டில் விடுவதற்கு 'இடமில்லை' என்பது மட்டும் காரணமாக முடியாது. 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள், தீங்கு நேரும் தெளிவான அபாயம் போன்ற காரணம் இல்லாமல் உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்கின்றன. பிரிக்கத்தான் வேண்டியிருந்தால், எந்தக் கிழமை யார் வீட்டில் சந்திப்பார்கள் என்பதை அன்றே முடிவு செய்யுங்கள்.

பெற்றோரைப் பார்த்துவிட்டு வந்த மாலை குழந்தை சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், 'பார்த்ததால்தான் கெட்டுப்போனது' என்று சந்திப்பையே நிறுத்துவதும் வழக்கம். சந்திப்பில் மிரட்டலோ அடியோ நடந்ததா என்று முதலில் விசாரியுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், பிரிவின் வருத்தத்தைச் சந்திப்பின் தீமை என்று எழுதாதீர்கள்.

குறிப்பு எழுதும் விதம்

குழந்தை ஒரு வீட்டில் அமர்ந்ததும் தேடலை மூடிவிடுகிறார்கள். பிறகு பணியாளர் மாறுகிறார். புதியவர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். 'விருப்பமில்லை' என்ற ஒற்றைச் சொல் அவருக்கு எந்த உதவியும் செய்யாது. யாரை, எந்தத் தேதியில் அழைத்தோம், என்ன காரணம் சொன்னார், எதற்குச் சம்மதித்தார், வேறு யார் பெயரைச் சொன்னார் என்று எழுத வேண்டும். 'மாமா: மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம், இப்போது வளர்க்க இயலாது, கடிதம் எழுதச் சம்மதம், குழந்தையின் பழைய படங்கள் அவரிடம் உள்ளன, ஆறு மாதம் கழித்து மீண்டும் அழைக்கவும்' என்று இருந்தால், அடுத்து வருபவர் எந்த எண்ணுக்கு எப்போது அழைப்பது என்று தெரிந்துகொள்வார்.