பண்ணைக் குத்தகையும் வழக்கும்: 1760களின் இங்கிலாந்துக் காரியஸ்தர் செய்ய வேண்டியவை

1760களில் இங்கிலாந்தின் பெரும்பண்ணை ஒன்றுக்குக் காரியஸ்தராகப் பொறுப்பேற்பவர், வரவு செலவுக் கணக்கைத் திறப்பதற்கு முன் நிலக்கிழார் குடும்பத்தின் சொத்து ஏற்பாட்டுப் பத்திரத்தைப் படிக்க வேண்டும். பெருங்குடும்பங்களின் நிலம் பெரும்பாலும் அப்போதைய பிரபுவுக்கு ஆயுள் உரிமையாக மட்டுமே இருக்கும்; அவர் எத்தனை ஆண்டுகளுக்குக் குத்தகை விடலாம் என்பதை அந்தப் பத்திரமே வரையறுக்கும். 21 ஆண்டுகள் போன்ற அந்த வரம்பை மீறி எழுதிக் கொடுத்தால், பிரபு இறந்தபின் அடுத்த வாரிசு அந்தக் குத்தகையை மறுக்க வழி பிறந்துவிடும்.

குத்தகையின் வகை வட்டாரத்தைப் பொறுத்தது. நார்ஃபோக் பக்கம் 21 ஆண்டுக் குத்தகை பெயர் பெற்றது. டெவன், கார்ன்வால் பகுதிகளிலோ மூன்று ஆயுள் குத்தகை பரவலாக உண்டு: குடியானவர் பெருந்தொகையை முன்பணமாகச் செலுத்திவிட்டு, ஆண்டுதோறும் சிறு தொகையே தருவார், பத்திரத்தில் பெயர் குறித்த மூவரில் கடைசி ஆள் இறக்கும்வரை நிலம் அவரிடம் இருக்கும். விவரமறிந்த குடியானவர் சிறு குழந்தைகளின் பெயரையே கொடுப்பார், அதில் தவறு காண முடியாது. ஆனால் அந்த மூவரின் மரணத்தை மறைப்பவர்களும் உண்டு என்பதால், காரியஸ்தர் அவர்களுக்கென்று தனிப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். கடல் கடந்து போய் ஏழு ஆண்டுகள் தகவலின்றி இருப்பவரை இறந்தவராகக் கொள்ள 1666ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. அந்த ஆளை உயிருடன் காட்டும்படி சான்சரி (நியாய நெறிப்படி விசாரிக்கும் உயர் நீதிமன்றம்) வழியாகக் கேட்க 1707ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகை எழுத்தில் இருந்தாக வேண்டும் என்பது 1677 முதல் சட்டம். முத்திரைத் தீர்வை செலுத்திய தாளிலோ தோலிலோ இரண்டு படிகள் எழுதி, குடியானவர் கையொப்பமிட்ட படியைப் பண்ணைப் பெட்டியில் பூட்டி வையுங்கள். ஷரத்துகளில் மரங்களின் உரிமையும் பழுதுபார்க்கும் பொறுப்பும் தெளிவாக இருக்கட்டும். பழைய புல்வெளியை உழக்கூடாது என்று மட்டும் எழுதினால் போதாது. உழுதால் ஏக்கருக்கு ஆண்டுதோறும் இவ்வளவு கூடுதல் குத்தகை என்று தொகையையும் எழுதினால், பின்னாளில் நட்டத்தின் அளவை ஜூரியின் முன் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தேதிகளில் இரட்டிப்புக் கவனம் தேவை. குத்தகை நாட்கள் வழக்கமாக மார்ச் 25, செப்டம்பர் 29 ஆகியவையே என்றாலும், 1752இல் நாட்காட்டியிலிருந்து 11 நாட்கள் நீக்கப்பட்டதால், பழைய குத்தகைகள் பல ஏப்ரல் 5, அக்டோபர் 10 என்றே கணக்கிடப்படுகின்றன. எழுத்துக் குத்தகை இல்லாமல் ஆண்டுக்காண்டு தொடரும் குடியானவரை வெளியேற்ற, அவருடைய குத்தகை ஆண்டு முடியும் நாளுக்கு அரையாண்டு முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும்; நாள் பிசகினால் அறிவிப்பே வீணாகும். அறிவிப்பை எழுத்தில் கொடுங்கள், ஏனெனில் அதன்பின்னும் வேண்டுமென்றே நிலத்தைப் பிடித்துவைத்திருப்பவரிடம் ஆண்டு மதிப்பைப்போல் இருமடங்கு கேட்க 1730ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது அவசியம்.

குத்தகை பாக்கிக்கு விரைவான வழி, குடியானவரின் பொருட்களைக் கைப்பற்றும் ஜப்திதான், அதற்கு நீதிமன்ற ஆணை தேவையில்லை. ஆனால் பணம் செலுத்த வேண்டிய நாள் கடந்த பிறகே, பகல் வெளிச்சத்திலேயே, வெளிக்கதவை உடைக்காமலேயே நுழைய வேண்டும். வேறு பொருள் இருக்கும்போது உழவு மாடுகளைத் தொடக்கூடாது. கைப்பற்றியவற்றைப் பட்டியலிட்டு அறிவிப்புத் தந்து, ஐந்து நாட்கள் காத்திருந்து, மதிப்பீட்டாளர்களைக் கொண்டு மதிப்பிட்டபின் விற்று, மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். இரவோடிரவாகப் பொருளைக் கடத்தினால் 30 நாட்களுக்குள் தேடிப் பிடிக்க 1737ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. முன்பெல்லாம் ஒரு சிறு பிழைகூட ஜப்தி முழுவதையும் அத்துமீறலாக்கிவிடும். அச்சட்டத்துக்குப் பின் அந்தப் பிழையால் உண்மையில் விளைந்த நட்டத்துக்கு மட்டுமே ஈடு கேட்க முடியும்.

நிலத்தையே மீட்க வேண்டுமானால் வெளியேற்று வழக்குத் தொடருங்கள். அதில் ஜான் டோ, ரிச்சர்ட் ரோ என்ற கற்பனை ஆட்களின் பெயரில் நாடகம்போல் மனு எழுதுவார்கள். கேலிக்குரியதாகத் தோன்றினாலும் உரிமையைச் சோதிக்கும் வழக்கமான பாதை அதுவே. மரத்தை வெட்டிச் சாய்ப்பவரை உடனே தடுக்கச் சான்சரியில் தடையாணை கேட்கலாம், ஆனால் அங்கே கணக்குத் தகராறைக் கொண்டுபோனால் ஆண்டுகள் கரையும்.

வேலி, வாய்க்கால், பழுதுச் செலவு போன்ற சச்சரவுகளுக்கு அக்கம்பக்கத்து விவசாயிகள் இருவரை நடுவர்களாக அமர்த்துவதே மேல். தீர்ப்புக்கு ஒரு கெடு நாள் குறித்து, நடுவர் ஒப்பந்தத்தையே நீதிமன்ற ஆணையாகப் பதியலாம் என்ற வாசகத்தையும் அதில் சேருங்கள். 1698ஆம் ஆண்டுச் சட்டப்படி, அப்போதுதான் தீர்ப்பை மீறுபவர் நீதிமன்ற அவமதிப்புக்கு உள்ளாவார்.