மொபைல் ஸ்டார்ட்டர் இருந்தும் மோட்டார் புகைவது ஏன்?

பல்லடம், காங்கேயம் பக்கம் 1000 அடி போர் (ஆழ்துளைக் கிணறு) சாதாரணம். மோட்டாரை மேலே ஏற்றி, காயில் கட்டி, மறுபடி இறக்கும் கூலியை மிச்சம் பிடிக்கத்தான், சிம் போட்டுப் போனிலிருந்தே ஆன், ஆஃப் செய்யவும், கோளாறு வந்தால் மோட்டாரைத் தானே நிறுத்தவும் செய்கிற மொபைல் ஸ்டார்ட்டர் வாங்குகிறோம். ஆனால் மாட்ட வந்தவர் வைத்துவிட்டுப் போன செட்டிங்கிலேயே பலரும் ஓட்டுகிறார்கள். அவருக்கு உங்கள் போர் தெரியாது.

அதிகம் கோட்டைவிடுவது ட்ரை ரன் செட்டிங்கில், அதாவது தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதைத் தடுப்பதில். தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார் குறைந்த ஆம்பியர் இழுக்கும். அதை வைத்துத்தான் கருவி நிறுத்துகிறது. மோட்டார் போட்டவுடன் அளக்காதீர்கள். 20 நிமிடம் ஓடி, நீர்மட்டம் இறங்கிய பிறகு கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸையும் பாருங்கள். சொட்டுநீர்த் தோட்டமென்றால் இன்னொரு சிக்கல். எல்லா வால்வும் திறந்திருக்கையில் 12 ஆம்பியர் இழுப்பது, தோட்டத்தின் ஒரு சின்னப் பகுதியை (பிளாக்) மட்டும் திறந்தால் 10-க்கு இறங்கலாம். 12-ஐக் கணக்கிட்டு அதில் 85 சதவீதத்தை நிறுத்தும் அளவாக வைத்தால், தண்ணீர் இருக்கும்போதே நின்றுபோகும். எரிச்சலில் ட்ரை ரன்னையே ஆஃப் செய்துவிடுவார்கள். சித்திரையில் மோட்டார் புகையும். ஆகச் சின்ன பிளாக்கின் ஆம்பியரில் 80 சதவீதம் வையுங்கள், அதாவது இங்கே 8.

ட்ரை ரன்னில் நின்றபின் மறுபடி ஓடும் இடைவெளியை அரை மணி என்று விடாதீர்கள். பாறைப் போரில் தண்ணீர் ஊற 2, 3 மணி நேரம்கூட ஆகும். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுத்துச் சூடேறுகிறது.

கண்டென்சர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டுவதற்காக சிங்கிள் பேஸ் பாதுகாப்பை (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவது) ஆஃப் செய்வது வம்பை விலைக்கு வாங்குவது. பிறகு மும்முனை ஓட்டத்தில் ஒரு ஃபியூஸ் போனாலும் ஸ்டார்ட்டர் கண்டுகொள்ளாது.

கரண்ட் வந்ததும் தானே ஓடும் ஆட்டோ செட்டிங்கில், வந்த நொடியே ஓட வைக்காமல் 2 முதல் 5 நிமிடம் தாமதம் கொடுங்கள். அக்கம்பக்கத்துத் தோட்டத்துடன் நிமிடம் மாறட்டும், வோல்டேஜ் படுக்காது. பைப், ஒயர் வேலையின்போது வீட்டிலிருந்து யாராவது ஆன் செய்துவிடலாம். மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே கை வையுங்கள்.

2ஜி மட்டும் உள்ள கருவியில் ஜியோ சிம் எடுக்காது. சிம் பின் லாக்கை எடுத்துவிடுங்கள், ரீசார்ஜை மறக்காதீர்கள், ஆன்டெனா இரும்புப் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்.

ஸ்டார்ட்டரோடு மண்ணின் ஈரம் பார்க்கும் சென்சாரும் வைத்திருந்தால், அதை டிரிப்பருக்கு (சொட்டுநீர் விழும் வாய்) நேர் கீழே நட்டால் எந்நேரமும் ஈரம் என்றே காட்டும். மஞ்சளுக்கு 15 செ.மீ. தள்ளி, 15–20 செ.மீ. ஆழம், தென்னைக்கு 1 அடி, 2 அடி ஆழத்தில் என இரண்டு. தோண்டிய மண்ணையே கல் நீக்கிச் சலித்து, சேறாகக் குழைத்து ஊற்றினால் காற்றுச் சந்து விழாது. கரிசலில் வெடிப்பு சென்சாரை ஒட்டி ஓடினால், பக்கத்து மண் ஈரமாக இருந்தும் காய்ந்ததாகவே காட்டும். பிடுங்கி வேறிடத்தில் நட வேண்டியதுதான்.