பழைய டென்னிஸ் ராக்கெட், புதிய டென்னிஸ் ராக்கெட்: விறைப்பையும் கை உணர்வையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

வில்சன் ப்ரோ ஸ்டாஃப் 6.0 85-ஐயும் பாபொலா ப்யூர் டிரைவையும் அடுத்தடுத்து ஆடிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள்: பழசு மெத்தென்று இருக்கிறது, புதுசு கையை உதறுகிறது. ஆனால் விறைப்பைக் குறிக்கும் ஆர்ஏ எண் அப்படிச் சொல்லவில்லை. பீட் சாம்ப்ராஸ் ஆடிய அந்த ப்ரோ ஸ்டாஃப் 65-ஐ ஒட்டி நிற்கும். ப்யூர் டிரைவ் 70-ஐ ஒட்டி நிற்கும். 2019-ல் வந்த வில்சன் க்ளாஷ் 100-ன் எண்ணோ 55 அளவுதான். எண்ணை மட்டும் நம்பினால் க்ளாஷ்தான் 'பழைய ராக்கெட்', ப்ரோ ஸ்டாஃப் விறைப்பான புது வகை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் எடை. ப்ரோ ஸ்டாஃப் 85 ஸ்ட்ரிங்கோடு 350 கிராமைத் தாண்டும். ப்யூர் டிரைவ் ஸ்ட்ரிங் இல்லாமல் 300, ஸ்ட்ரிங்கோடு சுமார் 318. பந்து மோதும்போது கனமான சட்டம் (ஃப்ரேம்) குறைவாக உதைத்துத் திரும்பும். அந்த அமைதியைத்தான் கை 'நெகிழ்வு' என்று எடுத்துக்கொள்கிறது. எடையையும் ஸ்ட்ரிங்கையும் சமன் செய்யாமல் விறைப்பைப் பற்றிப் பேசினால், பேசுவது எடையைப் பற்றியும் ஸ்ட்ரிங்கைப் பற்றியும்தான்.

ஆர்ஏ எண்ணை வாசிக்கும் விதம்

பாபொலாவின் ஆர்டிசி இயந்திரம் ராக்கெட்டைப் பிடித்து, ஒரு பளுவை ஏற்றி, எவ்வளவு வளைகிறது என்று அளக்கிறது. 60-க்குக் கீழே நெகிழ்வு, 60 முதல் 65 வரை நடுத்தரம், 68-க்கு மேல் விறைப்பு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு இடங்களில் ஏமாந்துபோவார்கள். ஸ்ட்ரிங் கட்டிய பின் எடுத்த எண், கட்டாதபோது எடுத்ததைவிடச் சில புள்ளிகள் குறையும். ஆகவே ஒரு ராக்கெட்டுக்கு நிறுவனம் தந்த எண்ணையும் இன்னொன்றுக்குக் கடையில் அளந்த எண்ணையும் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு முதலிலேயே கெட்டது. இன்னொன்று, இது ஒரே திசையில் மெதுவாக வளைத்து அளந்த எண். சட்டம் முறுகுவதை அது சொல்லாது. அதிர்வையும் சொல்லாது.

தடிமனைப் பார்த்தே பாதி ஊகிக்கலாம். ப்ரோ ஸ்டாஃப் 85-ன் சட்டம் 17, 18 மி.மீ.; ப்யூர் டிரைவ் 23 முதல் 26 மி.மீ. வரை. தடிமன் கொஞ்சம் கூடினாலே விறைப்பு வேகமாக ஏறும். 1987-ல் வந்த வில்சன் ப்ரொஃபைலின் சட்டம் அகலமான இடத்தில் 39 மி.மீ. 'பழசு என்றால் நெகிழ்வு' என்பவர்கள் அதை ஒருமுறை கையில் எடுக்க வேண்டும். ஆனால் தடிமனும் முழுச் சாட்சி அல்ல: க்ளாஷ் 24.5 மி.மீ. இருந்தும் வளைகிறது, கார்பன் இழைகளை அடுக்கியிருக்கும் விதத்தால். மறுபக்கம், மெக்கன்ரோவும் ஸ்டெஃபி கிராஃபும் ஆடிய டன்லப் மேக்ஸ் 200ஜி நைலானும் கிராஃபைட்டும் கலந்து அச்சில் வார்த்தது. அதன் நெகிழ்வு பெரும்பாலான கிராஃபைட் ராக்கெட்டுகளில் கிடைக்காது.

முதலில் பழையதைப் பரிசோதியுங்கள்

முப்பது வருட ராக்கெட்டில் ஸ்ட்ரிங் ஏற்றுமுன் பழைய ஸ்ட்ரிங்கை வெட்டி எடுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நெடுக்கிலும் குறுக்கிலும் மாற்றி மாற்றி வெட்ட வேண்டும். ஒரு பக்கமாகவே வெட்டிக்கொண்டு போனால் இழுவை சமமற்றுச் சட்டம் கோணும். தலையைக் கடிகார முகமாக நினைத்தால் 3 மணி, 9 மணி வரும் இடங்களிலும், கழுத்து தலையோடு சேரும் இரு மூலைகளிலும் நகத்தை ஓட்டுங்கள். பெயின்ட் கீறலில் நகம் வழுக்கிப் போகும்; விரிசலில் மாட்டும். க்ரோமெட்டுகள் (ஸ்ட்ரிங் துளைகளில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் குழல்கள்) காய்ந்து உடைந்திருந்தால் துளையின் விளிம்பு ஸ்ட்ரிங்கை அறுத்துவிடும். அந்த மாடலுக்கு மாற்று க்ரோமெட் கிடைக்கவில்லையென்றால் நைலான் குழாயை வெட்டிச் செருகலாம். சட்டத்தைக் குலுக்குங்கள். உள்ளே கலகலவென்றால் ஏதோ பெயர்ந்திருக்கிறது. அதில் எடுக்கும் எந்த அளவுக்கும் பொருள் இல்லை.

ஸ்ட்ரிங்

'கட்' போடுபவரிடம், அதாவது ஸ்ட்ரிங் கட்டித் தருபவரிடம், இரண்டையும் ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில், ஒரே சுருளிலிருந்து கட்டச் சொல்லுங்கள். உணர்வை ஒப்பிட மல்டிஃபிலமென்ட் (பல மெல்லிய இழைகளைச் சேர்த்துச் செய்த ஸ்ட்ரிங்) நல்லது. பாலியெஸ்டர் முதல் நாளிலேயே இழுவையில் கணிசமாக இழக்கும், அதுவும் எல்லா ராக்கெட்டிலும் ஒரே அளவில் இழக்காது. கட்டி ஒரு நாள் கழித்து ஆடுங்கள்.

இழுவை எண்ணை அப்படியே இரண்டுக்கும் வைக்கக் கூடாது. 85 சதுர அங்குலத் தலையில் ஸ்ட்ரிங் குட்டை, ஆகவே அதே பவுண்டில் கடினமாக இருக்கும். தலைப் பரப்பின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் போதும்: ப்யூர் டிரைவின் 100-ஐ 85-ஆல் வகுத்து மூலம் எடுத்தால் 1.08. 85-ஐ 50 பவுண்டில் கட்டினால் 100-ஐ 54-ல் கட்டுங்கள். 18×20 பின்னல் (நெடுக்கே 18, குறுக்கே 20 ஸ்ட்ரிங்) உள்ளதை 16×19-உடன் ஒப்பிட்டால் 18×20-ல் இன்னும் 2 பவுண்டு குறைக்கலாம். இது தோராயம்தான், ஆனால் ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட நல்லது.

எடை, சமநிலை, ஸ்விங் வெயிட்

சமையலறைத் தராசு ஒன்று, அளவுநாடா ஒன்று, கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச் போதும். ராக்கெட்டை மேசை விளிம்பிலோ ஸ்கேலின் மேலோ நிறுத்தி, பிடியின் அடியிலிருந்து சமநிலைப் புள்ளி எத்தனை செ.மீ. என்று குறியுங்கள்.

ஸ்விங் வெயிட் என்பது ராக்கெட்டை வீசும்போது கை உணரும் கனம். அதை அளக்க ஊசல் முறை. மெல்லிய பின்னல் ஊசியைப் பிடியின் அடிமுனையில், ஸ்ட்ரிங் தளத்துக்கு இணையாகக் குறுக்கே வைத்து இறுக்கமாக டேப் சுற்றுங்கள். ஊசியின் இரு முனைகளையும் இரண்டு மேசைகளின் விளிம்பில் வைத்து ராக்கெட்டைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தலையின் முகம் முன்னும் பின்னும் போகும்படி, ஒரு சாண் அகலத்துக்கு மேல் போகாமல் ஆட்டிவிட்டு, 20 முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை எடுங்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

எடையைக் கிலோவிலும், சமநிலைத் தூரத்தை செ.மீ.-யிலும், ஓர் ஆட்டத்தின் நேரத்தை நொடியிலும் வையுங்கள். எடை × 981 × தூரம் × நேரத்தின் வர்க்கம், இதை 39.48-ஆல் வகுங்கள். அதிலிருந்து 20 × எடை × தூரத்தைக் கழியுங்கள். 100 × எடையைக் கூட்டுங்கள். 320 கிராம், 33 செ.மீ., 20 ஆட்டத்துக்கு 27.6 நொடி என்றால் விடை சுமார் 320. மொத்த நேரத்தில் 0.1 நொடி பிசகினால் விடையில் மூன்று, நான்கு புள்ளி போகும். மூன்று முறை எடுக்கச் சொல்வது அதனால்தான்.

இனி புதியதைப் பழையதின் எடைக்குக் கொண்டுவருவது. 12 மணி இடத்தில் ஒட்டும் ஒவ்வொரு கிராம் ஈய டேப்பும் ஸ்விங் வெயிட்டைச் சுமார் 3 புள்ளி ஏற்றும். 3 மணி, 9 மணியில் ஒட்டினால் 2-க்குச் சற்றுக் குறைவு. பிடிக்குள் ஒட்டினால் ஏறக்குறைய ஒன்றும் ஏறாது. எனவே முதலில் தலையில் ஒட்டி ஸ்விங் வெயிட்டைச் சரிசெய்து, மிச்ச எடையைப் பிடியில் சேருங்கள். செயற்கை கிரிப்பைக் கழற்றித் தோல் கிரிப் சுற்றினாலே 10 கிராமுக்கு மேல் ஏறும், பழையதின் கை உணர்வும் கொஞ்சம் வந்துவிடும். பிடியின் பருமனும் சமமாக இருக்கட்டும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட வேண்டாம்.

அதிர்வை அளப்பது

வீட்டில் பளு தொங்கவிட்டு வளைவை அளக்கலாமே என்று தோன்றும். ஆனால் சட்டம் இறங்குவது கொஞ்சம்தான். 60-க்கும் 70-க்கும் உள்ள வேறுபாட்டை அதில் ஸ்கேலால் துல்லியமாகப் பிடிப்பது கடினம். முழங்காலில் வைத்து வளைத்துப் பார்ப்பது ராக்கெட்டுக்குத்தான் கேடு. காது நன்றாக உதவும்.

பிடியின் அடியிலிருந்து சுமார் 15 செ.மீ.-யில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாகப் பிடித்துத் தொங்கவிடுங்கள். சட்டம் அதிரும்போதும் அந்த இடம் ஏறக்குறைய அசையாது. வேறிடத்தில் பிடித்தால் ஒலி உடனே செத்துவிடும். ஸ்ட்ரிங்குகளுக்கிடையே துணிப்பட்டையைப் பின்னிச் செருகுங்கள், இல்லையென்றால் 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஸ்ட்ரிங்கின் ஒலிதான் ஓங்கும். தலை நுனியைப் பென்சில் ரப்பரால் தட்டி, கைப்பேசியின் அலைமாலை (ஸ்பெக்ட்ரம்) செயலியில் 100 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் வரும் உச்சியைப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் 100-லும் 150-லும் வந்து நிற்கும். தட்டாதபோதும் இருக்கும் உச்சி ராக்கெட்டுடையது அல்ல.

தாழ்ந்த எண் என்றால் மெதுவான, மெத்தென்ற அதிர்வு. எடை சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் இதை எடுத்தால், எடையால் மட்டும் எவ்வளவு இறங்கியது என்பதும், மிச்சம் எவ்வளவு சட்டத்தின் விறைப்பு என்பதும் பிரிந்து தெரியும். ஸ்ட்ரிங்கில் மாட்டும் ரப்பர் டாம்பனரால் இந்த எண் அசையாது. அது ஸ்ட்ரிங்கின் ஒலியை மட்டும் அடக்கும்.

கோர்ட்டில்

புதிய பந்து டப்பா ஒன்று. எதிரே பந்தை ஒரே மாதிரி அனுப்பக்கூடிய ஆள், அல்லது பந்து இயந்திரம். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். 'கை உணர்வு' என்று நாம் சொல்வதில் பெரும் பகுதி காது கேட்டது. முதலில் சர்வீஸ் கோட்டுக்குள் நின்று மெதுவாக, பிறகு வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது), அதன் பிறகே அடிக்கோட்டிலிருந்து. பத்துப் பந்துக்கு ஒரு முறை ராக்கெட்டை மாற்றுங்கள். முதலில் எடுத்ததை இரண்டாம் சுற்றில் கடைசியாக எடுங்கள், இல்லையென்றால் களைப்பெல்லாம் ஒரே ராக்கெட்டின் கணக்கில் ஏறும்.

ஸ்வீட் ஸ்பாட்டில் படும் பந்து ஒன்றும் சொல்லித் தராது. நடுவில் பட்டால் எல்லா ராக்கெட்டும் நல்ல ராக்கெட்தான். தலை நுனிக்கு அருகிலும் 3 மணிப் பக்கமும் வேண்டுமென்றே பிசகி அடித்து இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிடி கைக்குள் சுழல்கிறதா? அது தலை அகலமும் எடை பரவலும் சம்பந்தப்பட்டது, 85-ல் கூடுதலாகவே இருக்கும். முழங்கைக்குக் கீழே நறுக்கென்று ஒரு அதிர்ச்சி வருகிறதா? எடையைச் சமன் செய்த பிறகும் அது புதியதில் மட்டும் வந்தால், அது உண்மையான விறைப்பு.

ஒரே ஒரு ராக்கெட்டை வைத்து மாடலுக்கே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். தொழிற்சாலையில் எடைக்கு 7 கிராம் முன்பின் இருக்கலாம் என்று அனுமதிப்பது வழக்கம். ஒரே பெயரில் இரண்டு புது ராக்கெட் 14 கிராம் வேறுபடலாம். பழையதில் உற்பத்தியான இடமும் சேர்ந்துகொள்ளும்: ப்ரோ ஸ்டாஃப் 85 சிகாகோ, செயின்ட் வின்சென்ட், தைவான், சீனா என்று பல இடங்களில் செய்யப்பட்டது. செயின்ட் வின்சென்ட் என்று அச்சிட்டதற்குச் சேகரிப்பவர்கள் தனி விலை தருகிறார்கள். அந்த விலையைக் கொடுக்குமுன் தராசையும் பின்னல் ஊசியையும் கையோடு எடுத்துப் போங்கள்.